அம்மன் என்னிடம் வாங்கிய நாற்பத்தேழு கிலோ

அன்று நான் தூங்கிவிட்டேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, பின்னால் இருபத்தாறு பெண்கள் நிற்க, இறக்கத்தில் லொறியை ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை நாலரை மணி இருக்கும். மேல் டிவிசனில் கடைசி நிறுவை முடிந்து, கொழுந்து சாக்குகளையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. அந்த றோட்டில் வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மண்மேடு, அதன் அடியில் தண்ணீர் ஓடுகிற கான். பனி மூட்டம் கூட இல்லை. நல்ல வெளிச்சம். பதினேழு வருடம் ஓட்டிய றோட்டு. ஒரு வளைவு வருவதைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது மண்மேட்டை. லொறியின் மூக்கு கானுக்குள் குத்திக்கொண்டு நின்றது. பின்னால் பெண்கள் கத்தினார்கள். "மாரியாத்தா!" என்று நானும் கத்தினேன். அந்தப் பெயர் என் வாயில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

இடது பக்கம் போன வண்டி வலது பக்கம் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை. இந்தத் திருவிழா மலரைப் படிக்க உங்களில் பல பேர் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. ஆனால் அந்தத் தலைப்பாகை என்னுடையது அல்ல. செல்லம்மா அக்காவுடையது. சாக்குகளுக்கு நடுவே விழுந்ததில் அவருக்குத் தோள்பட்டை உடைந்தது.

அம்மனின் பிள்ளைகளே, என் பெயர் மாரிமுத்து. கொழுந்து லொறி டிரைவர். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. நான் குடிக்க மாட்டேன். இதை எங்கே வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு யார் கேட்டார்கள்? பொலிஸ்காரர் வந்து ஊதச் சொன்னார். ஊதினேன். ஒன்றும் இல்லை. அவரே சிங்களத்தில், "மே மினிஹா பீலா நே," இவன் குடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஊர் கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த நாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில், தோளில் கட்டோடு வந்து நின்ற செல்லம்மா அக்கா சத்தமாகச் சொன்னார்.

"ஊத்திக்கிட்டு ஓட்டுனவன் வண்டியில இனி எங்க உசிர ஏத்த மாட்டோம். நடந்தே மலைக்குப் போறோம். காலு ஒடிஞ்சா ஒடியட்டும்."

வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா என்னைக் கூப்பிட்டு, கையை நீட்டினார். லொறிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஏன் தூங்கினேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் பெரிய பயம். குடித்திருந்தால் கூடக் குடியை விட்டிருக்கலாம். குடிக்காதவன் எதை விடுவது? வெள்ளிக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன்னால், கோயிலுக்குப் போனேன். நடை இன்னும் திறக்கவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தாயே, என் கையால ஒரு உசிரும் போயிரக் கூடாது. அதுக்கு என்ன வேணுமோ எடுத்துக்க," என்றேன். அம்மனிடம் பேசும்போது யோசித்துப் பேச வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் யோசிக்கவில்லை.

அன்றைக்கே நேர்ந்துகொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் விரதம். சோறு தொடுவதில்லை.

அப்போது என் எடை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஏறி நின்றேன். நூற்றிருபதோடு அந்தத் தராசு முடிந்துவிட்டது. முள் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத எடை வேண்டும் என்றார் டிஸ்பென்சர் ஐயா. தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போகச் சொன்னார். தேயிலைத் தூள் சாக்கு நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். வேலையாட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

"நூத்தி இருவத்தெட்டு!" என்று நிறுத்தவன் கத்தினான். "ஐயா, இத எந்த கிரேட்ல எழுதுறது? பீஓபியா, டஸ்ட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குண்டாக இருக்கிறவன் முதலில் கற்றுக்கொள்கிற வித்தை அதுதான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று விபத்து நடந்த மறுநாளே ஒருவன் சொல்லியிருந்தான். அதற்கும் சிரித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டொக்டரம்மா. சிங்களத்தில்தான் பேசினார். நான் விபத்தைச் சொன்னதும், என்னை விட்டுவிட்டு என் மனைவி பாக்கியத்தைப் பார்த்து, இவர் குறட்டை விடுவாரா என்று கேட்டார். பாக்கியத்துக்கு எங்கிருந்துதான் சிங்களம் வந்ததோ, கொட்டித் தீர்த்துவிட்டாள். ஒரே கூரைக்கு அடியில் வரிசை வீடுகளாக இருக்கிற எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. நான் குறட்டை விட்டால் பத்துக் காம்பராவுக்கும் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் அகப்பையால் சுவரைத் தட்டுவார். "டொக்டர், எங்க லயமே தூங்குறதில்ல," என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நடுவுல நடுவுல மூச்சே நின்னுரும். நான் உலுக்கி விடுவேன்." இதை அவள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எத்தனை வருடமாக உலுக்கினாளோ!

ஒரு இரவு அங்கேயே படுக்க வைத்து, விரலில் ஏதோ மாட்டிப் பார்த்தார்கள். தொண்டையில் கொழுப்பு சேர்ந்து, தூக்கத்தில் மூச்சுப் போகிற வழி அடைபடுகிறது. மூச்சு நிற்கிறது, உடம்பு பயந்து எழுகிறது, மறுபடி நிற்கிறது. ராத்திரி முழுக்க அதே வேலை. ஆகவே நான் வருடக் கணக்காகத் தூங்கவே இல்லை. பகலில்தான் தூங்கியிருக்கிறேன், லொறியில். இது சரியாகாமல் வாகனம் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார் டொக்டரம்மா. எடையைக் குறை, நாற்பது கிலோவுக்கு மேல் குறை, பிறகு பார்க்கலாம் என்றார்.

எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தது. நான் குடிகாரன் இல்லை, சோம்பேறி இல்லை. இது ஒரு வருத்தம், ஒரு நோய். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

ஆனால் நாற்பது கிலோ! அது ஒரு ஆளின் எடை. ஒரு ஆளை உடம்பிலிருந்து இறக்கி வைக்க வேண்டும்.

எனக்கு விரதம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ஒரு மாதம் செவ்வாயும் வெள்ளியும் சோற்றைத் தொடவில்லை. கார்த்திகையில் மறுபடி கிளினிக்குக்குப் போனேன். அங்கே பெரிய தராசு. நூற்று முப்பத்தொன்று. மூன்று கிலோ கூடியிருந்தது.

விரதம் கூட இருந்தேனே என்றேன். டொக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "உபவாசத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார்.

"முகுத் நே, டொக்டர். ரொட்டி விதரய்," என்றேன். ஒன்றுமில்லை, ரொட்டி மட்டும்தான் என்று.

"எத்தனை?"

"ஆறு. சில நாள் ஏழு."

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

நீங்களும் சிரிக்க வேண்டாம். நம் தோட்டத்தில் எல்லாருமே இப்படித்தான் விரதம் இருக்கிறோம். சோறு தின்றால்தான் சாப்பாடு. ரொட்டி கணக்கில் வராது. கோதுமை மாவைப் பிசைந்து, தேங்காய் போட்டு, தட்டு அகலத்துக்குத் தட்டிச் சுட்டு, மிளகாய் இடித்த கட்டச்சம்பலோடு ஆறு ரொட்டி உள்ளே போகும். வாய் துடைத்துக்கொண்டு, நான் இன்றைக்கு விரதம் என்போம். அதோடு பால் இல்லாத பிளேன்டீ. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே ஒரு கோப்பை. நாளுக்கு எட்டுக் கோப்பை. சீனியும் கணக்கில் வராது, அது கையில்தானே இருக்கிறது!

பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. அம்மனையே ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ரொட்டி தெரியாதா?

அன்று கோயில் வாசலில் இறங்கி, விரதத்தைத் திருத்திச் சொன்னேன். "தாயே, சோறு இல்ல, சீனியும் மாவும்தான் என்னையப் புடிச்சிருக்கு. அத விடுறேன். விட ஏலாதப்ப நீதான் கைய புடிக்கணும்."

லொறி இல்லாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? கண்டாக்கையா என்னைக் கான் வெட்டப் போட்டார். மண்வெட்டியைக் கையில் கொடுத்து மலை உச்சிக்கு அனுப்பினார். அது தண்டனைதான். டிரைவராக இருந்தவன் கான் வெட்டினால் எப்படி இருக்கும்? ஏறும்போது நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. கொழுந்து எடுக்கிற பெண்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "லொறி மேடு ஏறுது, கியர மாத்துங்க," என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. சாவியைக் கேட்டேன், மண்வெட்டியைக் கொடுக்கிறாளே அம்மன் என்று மனதுக்குள் சண்டை போட்டேன். என்னை இளைக்க வைக்க அவள் தேர்ந்தெடுத்த மருந்தே அந்த மண்வெட்டிதான் என்பது பங்குனியில்தான் புரிந்தது. அதற்குள் என் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போய்விட்டது. கயிறு கட்டிக்கொண்டு போனேன்.

வீட்டில் பாக்கியம் மாறினாள். அது லேசாக நடக்கவில்லை. என் தட்டில் ரொட்டி அடுக்குவதுதான் அவள் என் மேல் வைத்திருந்த பாசம். பாதி ரொட்டியோடு எழுந்தால் அவள் முகம் சுருங்கும். "என் கை ருசி கசந்துருச்சா?" என்று கேட்டாள். பிறகு அவளே கோதுமை மாவை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் உள்ளங்கை அளவு ஒரு ரொட்டி. வீட்டுக்குப் பின்னால் பயிர் போட்டிருந்த மரக்கறி, கோவா, போஞ்சி, முள்ளங்கிக் கீரை. முன்பு இவற்றையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் ரொட்டி தின்றோம்.

எடை குறையக் குறைய ஊர் சும்மா இருந்ததா? குண்டாக இருக்கும்போது சிரித்தவர்கள், இளைத்ததும் பயந்தார்கள். அல்லது பயந்த மாதிரிக் காட்டிக்கொண்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் சீனி வருத்தம் என்றார். ஒருவர் காசநோய், கசம் என்று சொல்லி, நான் பிளேன்டீ குடித்த கோப்பையை வெந்நீரில் கழுவச் சொன்னார். செய்வினை என்று ஒருவர் எலுமிச்சம்பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைச் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போன பாக்கியத்திடம், "புருசனுக்குச் சோறு போடாமப் பட்டினி போடுறியாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். வெறுங்குடத்தோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். அழுதாள். வருடக் கணக்காக என் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டவளுக்கு இந்தப் பெயர்.

சித்திரையில் திருவிழா வந்தது. அப்போது நான் நூற்றுப் பன்னிரண்டு. அன்னதானத்தில் உட்கார்ந்தேன். சர்க்கரைப் பொங்கல் வந்தபோது இலையின் ஓரத்தில் விரல் நுனி அளவு வைக்கச் சொன்னேன். கோயில் தலைவர் பார்த்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குக் குரல் பெரிது.

"என்ன மாரிமுத்து, ஆத்தா சோத்தையே வேணாங்கிறியா? ஆஸ்பத்திரிக்காரி சொன்னது பெருசு, அம்மா குடுக்குறது சிறுசா?"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் முதுகு கூசியது. அம்மனை அவமதிக்கிறவன் என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியாது. "போடுங்க," என்றேன். போட்டார்கள். நாலு கரண்டி. பிறகு சோறு, பாயசம், மறுபடி பொங்கல். சாப்பிட்டுக்கொண்டே அழுகை வந்தது. அதை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு உடைந்தது மூன்று வாரம் ஓடியது. ஆறு ரொட்டி திரும்பி வந்தது. உள்ளங்கைச் சீனி திரும்பி வந்தது. குறட்டையும் வந்தது, பக்கத்து வீட்டு அகப்பையும் வந்தது. ஆறு கிலோ ஏறியது. ராத்திரியில் பாக்கியம் மறுபடி என்னை உலுக்க ஆரம்பித்தாள். அதுதான் அதிகம் வலித்தது. வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போய், இந்த முறை சண்டை போடவும் தெம்பில்லாமல், "என்னால ஏலாதும்மா. கைய புடிக்கிறேன்னு சொன்னியே, புடி. இல்லாட்டி விட்டுரு," என்றேன். உண்மையில் அவள் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருந்தேன். ஆனாலும் கேட்டேன்.

அன்று மத்தியானம் கான் கரையில் உட்கார்ந்து ரொட்டிப் பார்சலைப் பிரித்தேன். செல்லம்மா அக்கா வந்தார். விபத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதே இல்லை. இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. வலது கையை மட்டும் வைத்து அவர் கொழுந்து எடுப்பதை நான் தினமும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் பார்சலைப் பார்த்தார்.

"பீலியில பாக்கியம் சொல்லிச்சு. ராத்திரியில மூச்சு நிக்குமாமே ஒனக்கு?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் நிக்கும். ஒரு நா காலையில எழுப்புனேன், எந்திரிக்கல." எதிர் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குடிதான் கொன்னுருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த ஆத்திரத்துலதான் ஒன்னையும் குடிகாரன்னுட்டேன். நீ குடிக்கல தம்பி. நான் சொன்னது தப்பு."

அவருடைய தோளை உடைத்தவன் நான். மன்னிப்பு என்னிடமிருந்து போக வேண்டும், அவரிடமிருந்து வருகிறது. "அக்கா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பேசிக்கிட்டு இருந்தா நேரம் போயிரும்," என்று வெட்டிவிட்டார். அவர் பேச்சே அப்படித்தான். "புது டிரைவர் பய கீழ் றோட்டோட எறக்கி விட்டுட்டுப் போறான். இந்தக் கையோட என்னால அந்த மேடு ஏற ஏலாது. நீ எளைச்சு வந்து லொறிய எடு. நான் ஏறுறேன். மொத ஆளா ஏறுறேன்."

எழுந்து நின்றார். குனிந்து என் பார்சலிலிருந்து நாலு ரொட்டியை எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "இது எனக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் கையைப் பிடி என்று கேட்டேன். மத்தியானம் கை வந்தது. தோளுக்கு மேலே எழும்பாத கைக்காரியை அனுப்பினாள் என் அம்மா. இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அதற்குப் பிறகு கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லி அம்மனைப் பெரிதாக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. மழை நாளில் சூடான ரொட்டி வாசம் பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்தால் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பேன். ஆனால் பந்தியில் கூசிய முதுகு பிறகு கூசவில்லை. யாராவது கசமா என்று கேட்டால், "இல்லங்க, ரொட்டிய விட்டுட்டேன்," என்பேன். பூசாரி ஐயாவிடம் போய், பிரசாதத்தை விரல் நுனி அளவு எடுத்தால் பாவமா என்று நேராகவே கேட்டேன். "திருநூறு எவ்வளவு பூசுறோம், மூட்டையாவா?" என்று திருப்பிக் கேட்டார். அத்தோடு அந்தப் பயமும் போனது.

ஆடியில் நூற்று நான்கு. ஐப்பசியில், விபத்து நடந்து ஒரு வருடம் ஆனபோது, தொண்ணூற்று மூன்று. ஒரு நாள் காலையில் எழுந்தேன், பாக்கியம் அடுப்படியில் இல்லை. பயந்து பார்த்தால் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். விடிந்த பிறகும் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுப்பியதும் பதறி என் நெஞ்சில் கை வைத்தாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, ராத்திரி முழுக்க என்னை உலுக்க வேண்டிய வேலை வரவில்லை என்று. "சத்தமே இல்லீங்க," என்றாள். அன்று வேலைக்கு நேரம் பிந்தித்தான் போனோம். கண்டாக்கையா ஏசினார். அந்த ஏச்சு கூட இனித்தது.

மாசியில் எண்பத்து நான்கு; நூற்று முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்தேழு கிலோ இறங்கியிருந்தது. மறுபடி ஒரு இரவு படுக்க வைத்துப் பார்த்தார்கள். டொக்டரம்மா முடிவைப் படித்துவிட்டுச் சிரித்தார். இந்த முறை வேறு சிரிப்பு. வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். "ரொட்டியும் கணக்கில் சேரும், டொக்டர்," என்றேன்.

கடிதத்தைத் தோட்டத்து மனேஜர் தொரையிடம் கொடுத்தேன். புது டிரைவர் வேறு வேலைக்குப் போகிற நேரம். சாவி என் கைக்கு வந்தது.

அடுத்த நாள் பெரட்டு முடிந்து லொறியை எடுத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் நின்றார்கள். நான் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டேன். யாரும் அசையவில்லை. ஒருத்தி காலில் சேறு பட்டதைப் பார்க்கிற மாதிரி குனிந்து நின்றாள். ஒருத்தி மலையைப் பார்த்தாள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் மனதுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுத்துவிடலாம் என்று நின்றேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லம்மா அக்கா வந்தார். கூடையை உள்ளே எறிந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்தார். மற்றக் கை எழும்பவில்லை. ஏற முடியாமல் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஏத்தி விடு."

நான் அவர் காலுக்கு என் முழங்காலைப் படியாக வைத்தேன். பழைய உடம்பில் என்னால் முழங்கால் போட்டிருக்க முடியாது. அவர் மிதித்து ஏறினார். மேலே நின்று மற்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏன்டி, ஒங்களுக்கெல்லாம் பூரண கும்பம் வச்சுக் கூப்புடணுமா?"

ஒருத்தி சிரித்தாள். ஏறினாள். பிறகு எல்லாரும் ஏறினார்கள்.

அந்த வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். கண் நன்றாகத் திறந்திருந்தது. மண்மேட்டையும் பார்த்தேன், பள்ளத்தையும் பார்த்தேன், இரண்டுக்கும் நடுவே றோட்டையும் பார்த்தேன். எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருக்க வேண்டும்.

இந்த வருடத் திருவிழா மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டவர் கோயில் தலைவர். "அன்னைக்கு நான் பேசுனதையும் எழுது," என்றார். எழுதிவிட்டேன் தலைவரே. இந்த வருடம் அன்னதானத்தில் எனக்கு விரல் நுனி பொங்கல் போதும்.

உங்களில் யாருக்காவது உடம்பைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ ஊர் ஒரு பெயர் வைத்திருக்கலாம். குடிகாரன், சோம்பேறி, நோயாளி, புருசனைப் பட்டினி போடுகிறவள். ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், களைத்துப் போவீர்கள். அம்மனிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். தின்ற ரொட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் தருவது நாம் கேட்ட மாதிரி இருக்காது. மண்வெட்டியாக வரும், டொக்டரம்மாவின் சிரிப்பாக வரும், நம்மை ஏசியவர் வாயிலிருந்தே வரும். எந்த உருவத்தில் வந்தாலும் தட்டிவிடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். என் உடம்பில் நாற்பத்தேழு கிலோவை அவள் எடுத்துக்கொண்டாள். கேட்ட உயிர்களை ஒன்று குறையாமல் என்னிடம் விட்டுவைத்தாள்.

இன்று காலை முப்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு மேல் டிவிசனுக்குப் போனேன். மாலையில் முப்பத்தொரு பேரும் வீட்டு வாசலில் இறங்கினார்கள்.